லைட் பத்தலக்கா

லைட்டக்காவுக்கு அன்றைக்குக் கண் விழிக்கும்போதே கழுத்து பிடித்திருந்தது. இடப்பக்கம் திரும்ப முடியவில்லை. இதில் புதிதாக ஒன்றுமில்லை. லாரிகளின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, தலையைப் பெடல்களுக்கு நடுவே செருகி, முகத்துக்கு மேலே ஒயர் தேடுகிற பிழைப்பில் இருப்பவர்களுக்குக் கழுத்து என்று ஒன்று உருப்படியாக இருந்தால்தான் அதிசயம். யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடும் திரும்புவாள். பார்க்கிறவர்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். விளக்கம் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

அவள் கடை ஒரு பழைய குடோன். ஒரு முழு லாரி உள்ளே வந்து நிற்கும். முன்னால் இரும்பு ஷட்டர், கடைசியில் வெள்ளையடித்த சுவர், ஓரமாக பேட்டரிகள் வரிசைகட்டிச் சார்ஜ் ஏறுகிற சிமெண்டு மேடை. மேடை அவள் கணவருடையது. அவரை பேட்டரிக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆசிட் தெறித்துத் தெறித்து அவருடைய சட்டைகளெல்லாம் சல்லடையாகிவிட்டன. வாய் மட்டும் எப்போதும் ஃபுல் சார்ஜ்.

கல்யாணமான புதிதில் அவருக்குச் சாப்பாடு கொடுக்கத்தான் அவள் கடைக்கு வருவாள். ஒயரிங் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். பிரித்துப்போட்ட டேஷ்போர்டோடு ஒரு பஸ் உள்ளே கிடக்கிறது, பஸ்காரர் வாசலில் நின்று கத்துகிறார். பேட்டரிக்காரரின் தடித்த கை அந்தச் சந்துக்குள் போகவில்லை. அவள் கை போயிற்று. "அன்னைக்கு உள்ள போன கை, இன்னும் வெளிய வரல" என்று அவர் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு அதற்குச் சிரிப்பு வருவது நின்று வெகுகாலம் ஆகிவிட்டது.

டிரைவர்கள் முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள், அப்புறம் கிண்டலடிக்க வந்தார்கள், கடைசியில் வேறெங்கும் போகாமல் இங்கேயே வந்தார்கள். லைட்டக்கா என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். வேலை பிடிக்காமல் போய்விட்டதா என்று கேட்டால் அதுவும் இல்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். விரல் நுனிகள் மரத்துப்போய், சூடு எது குளிர் எது என்று தெரிய நேரம் பிடிக்கிறது. சாயங்காலமானால் முதுகு தனியாகக் கழன்று விழுந்துவிடும் போலிருக்கிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை, உட்கார்ந்தால் வருகிறது.

அன்றைக்கு வந்தது தம்பியின் லாரி. கூடப்பிறந்த தம்பி. அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. இடுப்பில் பிள்ளையைச் சுமக்கிற வயதா இவளுக்கு? சுமந்தாள். பள்ளிக்கூடம் அவனுக்கு ஒத்துவரவில்லை. வண்டி என்றால் உயிர். கடைக்கு வந்துபோகும் ஒரு மூத்த டிரைவரின் கையைக் காலைப் பிடித்து அவனைக் கிளீனராக ஏற்றிவிட்டதும் இவள்தான். இப்போது ஒரு லாரி கம்பெனியில் டிரைவர். லோடு இறக்கப் போகிற நகரத்துக்குள் பகலில் லாரி விடமாட்டார்கள், அதனால் கம்பெனியின் ஓட்டமெல்லாம் ராத்திரியில்தான்.

ஒரு வருஷமாக அவனுக்கு ஒரே பல்லவி: "லைட் பத்தலக்கா."

முதல் தடவை சொன்னபோது பல்பை மாற்றினாள். அடுத்த தடவை எர்த் ஒயர் வண்டியின் அடிச்சட்டமான சேஸில் பிடிக்கிற இடத்தைப் பிரித்து, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினாள். அதற்கடுத்து ஹெட்லைட்டுக்குக் கரண்டைத் திறந்து மூடுகிற தனி ரிலே டப்பா போட்டு, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்டு வரும்படி செய்தாள். மீட்டர் வைத்துப் பார்த்தால் இம்மி குறையவில்லை. அவன் சந்தோஷமாகப் போவான், மறுபடி வந்து நிற்பான். "நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா பத்தல." இவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். என் ஒயரிங்கில் லைட் டல்லா? பல்பு விற்கிறவனைத் திட்டினாள், கண்ணாடியில் படிகிற புழுதியைத் திட்டினாள், ரோடு போட்டவர்களைத் திட்டினாள். இந்தத் தொழில்காரர்களுக்கே உள்ள வியாதி அது. இருட்டு என்று யார் சொன்னாலும் கோளாறு ஒயரில்தான் இருந்தாக வேண்டும். ஒயரை விட்டு வெளியே தேட அவர்களுக்குத் தோன்றாது.

இந்தத் தடவை அவனே இரண்டு பெரிய வட்ட விளக்குகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். பம்பருக்கு மேலே மாட்டுகிற ரகம், தூரத்துக்கு அடிக்கிறது. போட்டுக்கொள்ளச் சொல்லிக் கம்பெனியிலும் தலையாட்டிவிட்டார்களாம். லோடு ஏற்றிக்கொண்டு வா என்று அவள்தான் சொல்லியிருந்தாள். காலி வண்டியில் விளக்கைச் சரி பண்ணி அனுப்பினால், லோடு ஏறியதும் பின்பக்கம் அமுங்கி, மூக்கு தூக்கி, வெளிச்சமெல்லாம் மரக்கிளைக்குப் போய்விடும். அதனால் தார்ப்பாய் கட்டி, இறுக்கிக் கயிறு போட்ட வண்டியோடு மதியத்துக்கு முன்பே வந்து சேர்ந்தான். பொழுது சாய்ந்ததும் அப்படியே கிளம்ப வேண்டும்.

"மாப்ள, ஏற்கெனவே இருக்கிற லைட்டுக்கே எதிர்ல வர்றவன் கண்ணைக் கசக்குறான்" என்றார் பேட்டரிக்காரர். "இதையும் போட்டா பொழுது விடிஞ்சிருச்சுன்னு நெனச்சு இறங்கிப் பல்லு வெளக்க ஆரம்பிச்சிருவான்."

"நீங்க சும்மா இருங்க மாமா. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றான் தம்பி. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ராத்திரி ஓட்டம் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று அவள் நினைத்தாள்.

வேலையை ஆரம்பித்தாள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். அங்கிருந்து பருத்த ஒயர் ரிலேக்கு, ரிலேயிலிருந்து விளக்குகளுக்கு. பிரைட் போட்டால் மட்டும் எரிய வேண்டும், டிம் பண்ணினால் தானாக அணைய வேண்டும். அதற்கு ஹெட்லைட் ஒயரிலிருந்து மெல்லியதாக ஒரு கிளை, நடுவில் டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். எழுதினால் நாலு வரி. அந்த நாலு வரிக்குள் அவள் இரண்டு தடவை பெடலுக்கடியில் நுழைந்து வெளிவந்தாள், ஒரு தடவை தலையில் இடித்துக்கொண்டாள், கழுத்து நரம்பு ஒன்று சுண்டி இழுத்ததில் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாள்.

"அக்கா, தூங்கிட்டியா?"

"செத்துட்டேன். அந்த டேப்பைக் கொடு."

கொடுத்தான். மதிய வெயில் ஷட்டர் வழியாகக் கேபின்வரை அடித்துக்கொண்டிருந்தது. சரியாக அவள் கையில் வைத்தான். இதை அவள் பிற்பாடு நினைத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

மாட்டி முடித்ததும் விளக்கைத் திசை பார்த்து இறுக்க வேண்டும். அதற்கு இருட்டு வேண்டும். ராத்திரிவரை யார் காத்திருப்பது? அவள் கடையில் எப்போதும் பகலிலேயே ஷட்டரை இறக்கிவிட்டுக் கடைசிச் சுவரில் அடித்துப் பார்ப்பாள். விளக்கின் உயரத்துக்குச் சுவரில் டேப் ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழே வெளிச்சத்தின் நடுப்புள்ளி விழ வேண்டும். பேட்டரிக்காரர் ஷட்டரைத் தடதடவென்று இறக்கினார். தம்பி கேபினில் ஏறி சுவிட்சைத் தட்டினான். சுவர் பளீரென்று எழுந்தது. காரை பெயர்ந்த இடம், பல்லி, பழைய ஆணி, எல்லாம் தெரிந்தது.

தம்பி கீழே குதித்து வந்து சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். "இதான்க்கா வேணும். இதான்" என்றான். சுவரில் விழுந்த வெளிச்சத்தைக் கையால் தடவினான். விளக்குக்குப் போய் இப்படி உருகுவானேன் என்று அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

வலது விளக்கு கொஞ்சம் மேலே பார்த்தது. அடியில் இருக்கிற நட்டைத் தளர்த்தித் திருப்ப வேண்டும். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் குனிந்தால் கண் அவிந்துவிடும். அவளே கேபினுக்குள் கையை விட்டு அணைத்தாள். ஒரேயடியாக இருட்டிற்று. பிறகு, எப்போதும் போல, கண் பழகப் பழகக் குடோன் திரும்பி வந்தது. ஷட்டருக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடு, கூரைத் தகட்டில் ஓட்டைகள், சார்ஜரில் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். அந்த வெளிச்சத்தில் லாரி தெரிந்தது, மேடை தெரிந்தது, மேடைமேல் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்த கணவர் தெரிந்தார்.

"டேய், அந்த ஸ்பேனரை எடு. பக்கத்துல ஸ்டூல்மேல இருக்கு பாரு" என்றாள்.

தம்பி அசையவில்லை. பிறகு ஒரு அடி வைத்தான். கால் தண்ணீர் வாளியில் இடித்தது. "எங்கக்கா?"

"உனக்கு முன்னாடிதான்டா."

"அதோ இருக்கே மாப்ள, ஸ்டூல்ல" என்றார் பேட்டரிக்காரரும்.

அவன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். ஸ்டூலுக்கு ஒரு முழம் தள்ளிக் காற்றைத் துழாவினான். விளையாடுகிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். திட்ட வாயைத் திறந்தவள், என்னவோ தோன்றி மூடிக்கொண்டாள். அவள் வேலை செய்யும்போது செருப்புப் போடுவதில்லை. சத்தமில்லாமல் நடந்து போய் அவனுக்கு நேர் எதிரே, மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நின்றாள். அவன் முகம் அவளுக்குத் தெரிந்தது. மீசையில் இருந்த நரைகூடத் தெரிந்தது. அவன் கண்கள் அவள் தோளைத் தாண்டி, அவள் முன்பு நின்றிருந்த பம்பர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா, லைட்டைப் போடு" என்று பம்பரிடம் சொன்னான். "ஸ்பேனர் எங்கயோ கீழ விழுந்திருச்சு போல."



"எத்தனை நாளாடா?" என்றாள்.

மூக்குக்கு நேராக அவள் குரல் கேட்டதும் அவன் துள்ளிப் பின்வாங்கினான். வாளி உருண்டது. பேட்டரிக்காரர் காதைக் குடைவதை நிறுத்தினார். 

"என்ன எத்தனை நாளா?" என்று மழுப்பினான்.

"உனக்கு என்னைத் தெரியல. நான் இங்கதான் நிக்கிறேன், உனக்குத் தெரியல."

அவன் லாரியைத் தொட்டுத் தொட்டுத் தேடி, சக்கரத்தின்மேல் சாய்ந்துகொண்டான். "ரொம்ப நாளா, கொஞ்சம் கொஞ்சமா" என்றான். "ஷட்டருக்கு அடியில அந்தக் கோடு மட்டும் தெரியுது. மத்ததெல்லாம் கறுப்புத்தான். வெயில்ல எல்லாம் நல்லாத் தெரியுதுக்கா. சத்தியமா."

"ராத்திரி எப்படிடா ஓட்டுற?"

"ரோடு மனப்பாடம். பாலம் எங்க, வளைவு எங்க, எல்லாம் கைக்குத் தெரியும். முன்னாடி ஒரு வண்டி போச்சுன்னா அதோட பின்லைட்டைப் பிடிச்சுக்கிட்டே போயிருவேன்."

"அந்த வண்டி பாதியில திரும்பிருச்சுன்னா?"

"ஓரங்கட்டிட்டு அடுத்த வண்டி வர்ற வரைக்கும் நிப்பேன்."

ஒவ்வொரு ராத்திரியும், ஆளில்லாத சாலையில், எவனோ ஒருவனின் சிவப்பு விளக்குக்காகக் காத்துக்கொண்டு நிற்கும் தம்பியை அவள் நினைத்துப் பார்த்தாள். பொழுது சாய்ந்தால் வாசற்படி தாண்டாத தன் அப்பாவையும் அப்போதுதான் நினைத்தாள். சோம்பேறி என்றும் பயந்தாங்கொள்ளி என்றும் சொந்தக்காரர்கள் வாயிலெல்லாம் விழுந்துவிட்டுப் போன மனிதர். இவளும்தான் சொல்லியிருக்கிறாள். அவருக்கும் இதே கண்தானோ என்னவோ. ஒரு வருஷமாக வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தோமே, ஒரு தடவையாவது இவன் முகத்தைப் பார்த்தோமா என்று அவளுக்குத் தோன்றிற்று.

"கை மனப்பாடம் பண்ணின ரோட்டுல, ஓரமா ஒருத்தன் நடந்து போனா, அவனும் உன் கைக்குத் தெரிவானா?"

அவன் சக்கரத்தின் நட்டு ஒன்றை விரலால் தடவினான்.

"இந்த லைட்டு நடுவுலதான் அடிக்கும். நடு பளிச்சுன்னு ஆக ஆக ஓரம் இன்னும் இருண்டு போகும். உனக்கு இதைப் போட்டுக் குடுத்தா, ஓரத்துல நடக்கிறவனுக்கு நான் குழி வெட்டிக் குடுத்த மாதிரி."

பேட்டரிக்காரர் எழுந்து போய் ஷட்டரைத் தூக்கினார். வெளியே வெயில் இறங்கி மஞ்சளாகியிருந்தது. வெளிச்சம் பட்டதும் தம்பி பழைய தம்பியாகிவிட்டான். ஸ்பேனரை ஸ்டூலிலிருந்து சட்டென்று எடுத்து அவளிடம் நீட்டினான், இதோ பார் என்கிற மாதிரி.

"இந்த ஒரு டிரிப்புக்கா. லோடு ஏத்தியாச்சு. போயிட்டு வந்து டாக்டரைப் பாக்கிறேன்."

"இப்பப் பாரு."

"பாத்தா லைசென்ஸைப் புடுங்கிருவான். பகல் ஓட்டம் எங்க கம்பெனியில கிடையாதுன்னு உனக்குத் தெரியும். வேற என்ன வேலை தெரியும் எனக்கு? வீட்ல அவளுக்குக்கூடத் தெரியாது. நீ வாயைத் தொறந்திராத."

லைட்டக்கா ஓரமாகக் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தாள்.  அவன் கேட்டு இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. தனக்கு வைத்த சோற்றை அவன் தட்டில் போட்டே வளர்த்தவள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி போய்ட்டு வா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் என்ன என்றுகூட அவளுக்குத் தோன்றிற்று. அத்தனை அசதி. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, இன்னொரு ராத்திரியில் என்ன ஆகிவிடப்போகிறது? இப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

எழுந்து கேபினில் ஏறினாள். ஏதோ மிச்சம் இருக்கிறது போல டேஷ்போர்டுக்குள் கையை விட்டாள். வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாருக்கும் ஒரு ரிலே உண்டு. அதை உருவி இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள். 

தம்பி முகம் கழுவிவிட்டு வந்தான், ஏறி உட்கார்ந்தான், சாவியைத் திருப்பினான். டிக் என்ற சத்தம்கூட வரவில்லை. மறுபடி திருப்பினான். பிறகு கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"குடு அதை."

"தர மாட்டேன்."

"அக்கா, விளையாடாத. நேரமாவுது. கம்பெனியில கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டா நான் பேசுறேன்."

"என் வயித்துல அடிக்கிறியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று கத்தினான். "நான் பாத்துக்கிட்டேன்ல? இத்தனை நாள் எவனையாவது இடிச்சேனா?"

"இடிச்சது தெரிஞ்சிருக்குமாடா உனக்கு?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. இந்தக் கேள்வியை அவனே எத்தனையோ ராத்திரி தன்னிடம் கேட்டிருக்கிறான் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

பேட்டரிக்காரர் அதற்குள் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். "நம்ம ஆளுக்குத் திடீர்னு உடம்பு முடியலங்க. ஆமாங்க, படுத்துட்டாரு. வேற டிரைவரை அனுப்புங்க, வண்டி இங்கதான் பத்திரமா நிக்குது." அவர் பேசி முடிக்கும்வரை தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு கேபினிலிருந்த தன் பையை இழுத்துத் தோளில் மாட்டினான்.

"இனிமே இந்தப் படி மிதிச்சா என்னைச் செருப்பால அடி" என்றான். "எனக்கு அக்காவும் கிடையாது, ஒருத்தரும் கிடையாது."

"மாப்ள, இருங்க, நான் கொண்டு வந்து..." என்று எழுந்த பேட்டரிக்காரரைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். கோபத்தில் நடக்கிறவனுக்கே உரிய வேகத்தில் போனான்.

அவள் பின்னால் போகவில்லை. வரப்போகிற டிரைவருக்கு வண்டி கிளம்ப வேண்டுமே. ரிலேயைத் திரும்பச் செருகினாள். வலது விளக்கைக் கண்மதிப்பில் சரியாகத் திருப்பி நட்டை இறுக்கினாள். புதிதாகப் போட்ட ஒயர்களை டேப்பால் சுற்றினாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கண்ணிலிருந்து நீர் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் கழுத்து வலித்தது.

கை கழுவிவிட்டு அவள் வாசலுக்கு வந்தபோது நன்றாக மங்கிவிட்டது. எதிர்ச் சாரியில் இரும்புக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். தெருவிளக்குகள் இன்னும் போடவில்லை. தெரு முனையில், சாக்கடை மூடிக்கு ஓரடி இப்பால், தம்பி நின்றுகொண்டிருந்தான். ஒரு கை மின்கம்பத்தைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு யாருக்கோ காத்திருப்பவன் போலப் பாவனை. போன் திரை அணைந்து கிடந்தது. எதிரே பஸ் வந்தது, நின்றது, போயிற்று. அவன் ஏறவில்லை. சாலையைக் கடந்தால்தானே ஏற?

அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். தோளால் அவன் தோளை லேசாக இடித்தாள். அவன் திரும்பவில்லை.

"நான் உங்கிட்ட பேசல" என்றான்.

"பேசாத."

இரண்டு பஸ் போயின. சைக்கிளில் ஒருவர் மணியடித்துக்கொண்டு அவர்களைச் சுற்றி வளைத்துப் போனார். தம்பி போனைச் சட்டைப்பையில் போட முயன்றான். அது பையைத் தவறிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்து அவன் பையில் வைத்தாள். குனிந்த கழுத்து நிமிர நேரம் பிடித்தது. அதற்குள் அவன் கை மின்கம்பத்தை விட்டுவிட்டு, காற்றில் துழாவி, அவள் முந்தானையைப் பிடித்திருந்தது.

"பேசல" என்றான் மறுபடி. "வீடு வரைக்கும் கூட்டிட்டுப் போ."